வீட்டில் பார்த்துக்கொள்பவரைப் பற்றி யார் எழுதிவைக்கிறார்கள்? மனநலப் பராமரிப்புத் திட்டத்தில் பராமரிப்பாளரின் பலமும் தேவையும்

குடியாத்தம்_மூத்தமகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு வயது 34. மனச்சிதைவு நோய் என்று உறுதியாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. குடியாத்தம் வீட்டில் அவனோடு இருப்பவர் 67 வயதான எங்கள் அம்மா மட்டுமே. நான் திருமணமாகிக் காட்பாடியில் இருக்கிறேன். பள்ளி ஆசிரியை என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் போய்வர முடிகிறது.

மாசி மாதத்தில் அவன் மூன்றாவது முறையாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, ஐந்து வாரம் கழித்து டிஸ்சார்ஜ் ஆனான். அன்று எங்களிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "வீட்டில் மாத்திரையை யார் கொடுப்பீர்கள்?" அம்மா "நான்தான்" என்றார். சீட்டில் "தாயார் பொறுப்பு" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதை யாரும் கேட்கவில்லை. எனக்கும் அந்த நேரத்தில் சொல்லத் தோன்றவில்லை. அவர் மாத்திரைகளை நிறத்தையும் வடிவத்தையும் பார்த்தே அடையாளம் காண்பவர். இரண்டாம் மாதம் கடையில் அதே மருந்தை வேறு கம்பெனி அட்டையில் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளையாக, வட்டமாக இருந்த மாத்திரை வெளிர்மஞ்சளாக, நீளமாக மாறியிருந்தது. "இது அவனுடையது இல்லை, தவறாகக் கொடுத்துவிட்டார்கள்" என்று அம்மா அவற்றைத் தனியாக எடுத்து, நாள்காட்டித் தாளில் மடித்து, பழைய பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தார். நான் பிரித்துப் பார்த்தபோது 22 மாத்திரைகள் இருந்தன. காலை, இரவு என வேளைக்கு ஒன்றாக, பதினொரு நாள் மருந்து.

அதே அம்மாவுக்குத்தான் வேறு யாருக்கும் தெரியாத ஒன்று தெரியும். நோய் திரும்புவதற்கு நான்கைந்து நாள் முன்பே தம்பி தான் சாப்பிட்ட தட்டை இரண்டு மூன்று முறை கழுவத் தொடங்குவான். பிறகு ஓர் இரவு பாயைச் சுருட்டிக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவான். மூன்று முறையும் இப்படித்தான் நடந்தது என்று அவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். நோயைப் பற்றி நிறையப் பக்கங்கள் எழுதியிருக்கும் தம்பியின் கோப்பில் இது ஒரு வரியாகக்கூட இல்லை.

ஆகவே என் கேள்வி இதுதான். திட்டம் போடுகிறபோது, பார்த்துக்கொள்பவருக்கு எது தெரியும், எது முடியும், எது முடியாது, அவருக்கு என்ன தேவை என்பதை முறையாகக் கேட்டுப் பதிவு செய்யும் வழக்கம் எங்காவது இருக்கிறதா? நாங்களே கேட்கவைக்க வேண்டும் என்றால் எப்படிக் கேட்கவைப்பது? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து விரிவாக எழுதுங்கள்.

தொரப்பாடி_செவிலியர் எழுதியது:

அன்புத் தங்கைக்கு, முப்பத்தொரு ஆண்டுகள் மனநல வார்டுகளில் பணிசெய்து ஓய்வுபெற்றவள் நான். அந்த 22 மாத்திரைகளைப் படித்தவுடன் என்னைக் கடந்துபோன எத்தனையோ முகங்கள் நினைவுக்கு வந்தன.

குடும்பத்தை மருத்துவத்துக்குள் அழைத்துக்கொள்வது நம் நாட்டுக்குப் புதிதன்று. அமிர்தசரஸில் மருத்துவர் வித்யா சாகர் மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் அடித்து நோயாளிகளின் குடும்பங்களைத் தங்கவைத்தது 1950களில். நம் வேலூர் சி.எம்.சி.யின் பாகாயத்து மனநல மையத்தில் நோயாளியோடு வீட்டார் ஒருவர் கூடவே தங்குகிற முறையும் அந்தப் பத்தாண்டிலேயே தொடங்கிவிட்டது. ஆனால் கூடத் தங்குவது வேறு, தங்குகிறவரைக் கேட்டறிவது வேறு. வார்டில் அட்டெண்டராகத் தங்கும் அம்மாவிடம் எல்லோரும் பையனைப் பற்றித்தான் கேட்பார்கள்: சாப்பிட்டானா, தூங்கினானா, சத்தம் போட்டானா. அந்த அம்மா சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று கேட்பவர் அரிது.

நான் கற்றுக்கொண்ட வழி மிகவும் எளியது. "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் "ஏதோ இருக்கிறோம்" என்ற பதில்தான் வரும். அதற்குப் பதிலாக, "நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து ராத்திரி படுத்ததுவரை என்னென்ன செய்தீர்கள், வரிசையாகச் சொல்லுங்கள்" என்று கேட்பேன். அந்த ஒரு நாளிலேயே எல்லாம் வெளிவந்துவிடும். எத்தனை மணிக்குத் தூக்கம் கலைந்தது, தனக்கான சர்க்கரை மாத்திரையைப் போட்டாரா, கூலிக்குப் போனாரா, போகாததால் எவ்வளவு விட்டுப்போயிற்று, பக்கத்து வீட்டில் ஒரு சொல் பேச முடிந்ததா என்று ஒவ்வொன்றும் கதையோடு வரும். பலமும் அதிலேயே தெரியும். மகன் குளிக்க மறுத்தபோது, வெந்நீர் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நகர்ந்துவிட்டதாக ஒரு தாய் சொன்னார். அரை மணி நேரத்தில் அவனே குளித்துவிட்டானாம். பயிற்சி வகுப்பில் நாங்கள் சொல்லிக்கொடுக்க நினைத்ததை அவர் தாமாகவே கண்டுபிடித்திருந்தார். அந்தத் திறமையை அவர் பெயரோடு திட்டத்தில் எழுத வேண்டும்.

மருந்து விஷயத்தில் கேள்வியே கேட்கக்கூடாது. "இன்று ராத்திரி கொடுக்கவேண்டியதை இப்போது என் கையில் எடுத்துக் கொடுங்கள்" என்று சொல்லிப் பார்க்க வேண்டும். எழுத்து தெரியாதவர், கண்புரை உள்ளவர், இரண்டு அட்டைகளைக் குழப்பிக்கொள்பவர் எல்லோரையும் அந்த ஒரு நிமிடம் காட்டிக்கொடுத்துவிடும். அதில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. அப்போதே ஒரு வழி செய்துகொள்ளலாம். காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று இரண்டு நிறத் துணிப்பைகள் தைத்துக் கொடுத்துச் சரிசெய்திருக்கிறோம். கம்பெனி மாறினால் மாத்திரையின் நிறமும் மாறும் என்பதை அதே வேளையில் சொல்லிவைக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நம் பக்கத்துக் குடும்பங்கள் பல, மருத்துவமனைக்கு வரும் முன்போ பின்போ சோளிங்கருக்குப் போய்த் தக்கான்குளத்தில் நீராடவைத்து, மலையேறிச் சேவித்துவிட்டு வருகிறவர்கள். அதை மறைத்து வைப்பார்கள், திட்டுவார்கள் என்ற அச்சத்தால். நான் அதைப் பலத்தின் கீழ்தான் எழுதுவேன். அந்தக் குடும்பம் சேர்ந்து ஓரிடத்துக்குப் போகிறது, நம்பிக்கை வைத்திருக்கிறது, அங்கே அவர்களைப் போன்ற பத்துக் குடும்பங்களைப் பார்க்கிறது. போகிற நாள்களிலும் மாத்திரைப் பை கூடப் போகட்டும் என்பது மட்டும்தான் நான் சேர்த்துச் சொல்வது.

ராணிப்பேட்டை_ஷிப்ட் எழுதியது:

செவிலியர் அம்மா எழுதியதில் எனக்கு மாற்றுக்கருத்து எதுவும் இல்லை. ஆனால் "பலம்" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ஓர் அச்சம் வருகிறது. அதையும் பதிவுசெய்ய விரும்புகிறேன்.

நான் தோல் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்பவன். என் மனைவிக்கு இருதுருவ மனநோய்; அளவுமீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும். மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மருந்தை ஒன்பது ஆண்டுகளாக எடுத்துக்கொள்கிறார். ஒவ்வொரு முறை ஓ.பி.க்குப் போகும்போதும், "நீங்கள் அருமையாகப் பார்த்துக்கொள்கிறீர்கள், உங்களைப் போல எத்தனை பேர் பார்ப்பார்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அந்தப் பாராட்டைக் கேட்ட பிறகு, "ஐயா, எனக்கு முடியவில்லை" என்று வாய் திறக்க முடிவதில்லை. பலமுள்ளவர் என்று ஒருமுறை எழுதிவிட்டால், அடுத்தடுத்த பொறுப்புகள் எல்லாம் அவர் தலையிலேயே ஏறும். ஆகவே ஒவ்வொரு பலத்துக்கும் பக்கத்தில், அதை எத்தனை நாள், எந்த நேரத்தில், யாருடைய உதவியோடு செய்ய முடியும் என்ற எல்லையையும் எழுதவேண்டும் என்பது என் கருத்து.

லித்தியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மருந்தின் அளவு ரத்தத்தில் கூடினால் ஆபத்து, குறைந்தால் பயனில்லை. கடைசி மாத்திரை போட்டு ஏறக்குறைய 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கவேண்டும். தைராய்டும் சிறுநீரகமும் அவ்வப்போது பார்க்கப்படவேண்டும். வேலூர்ப் பக்கத்து அக்னி நட்சத்திர வெயிலில் வியர்த்து உடம்பில் நீர் வற்றினாலும், வாந்தி பேதி வந்தாலும் அளவு ஏறிவிடும். மூட்டுவலிக்கென்று கடையில் வாங்கிப் போடும் வலிமாத்திரைகளில் சிலவும் ஏற்றிவிடும். இவற்றில் பாதியை மூன்றாம் ஆண்டில், அவர் கை நடுங்கி, தள்ளாடி நடந்த ஒரு மே மாத மாலைக்குப் பிறகுதான் நான் தெரிந்துகொண்டேன். அன்று நான் இரவு ஷிப்டில் இருந்தேன்; பத்து வயது மகள் அடுத்த வீட்டுக்காரரை அழைத்துக்கொண்டு போய்ச் சேர்த்தாள். அந்த மகளும் ஒரு பராமரிப்பாளர்தானே? அவளைப் பற்றி எந்தக் காகிதத்தில் எழுதியிருக்கிறார்கள்?

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். சோர்ந்துபோன நாள்களில் நான் மனைவியிடம் கத்தியிருக்கிறேன். வீட்டில் ஓயாத குறைகூறலும் கோபமும் இருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது என்பது பல ஆய்வுகளில் நிலைநாட்டப்பட்ட செய்தி என்று பிற்பாடு தெரிந்தபோது குன்றிப்போனேன். என் தூக்கத்தைப் பற்றி யாராவது முன்பே கேட்டிருந்தால், அந்தக் கோபத்தின் மூலம் எது என்று எனக்கே புரிந்திருக்கும்.

சமூகப்பணி_வேலூர் எழுதியது:

ராணிப்பேட்டை அண்ணன் எழுப்பிய அச்சம் நியாயமானது; எங்கள் துறையில் இருப்பவர்கள் அதை அடிக்கடி கேட்கவேண்டும். நான் மனநலச் சமூகப்பணியாளர். மூத்தமகள் அவர்கள் கேட்ட "முறை இருக்கிறதா?" என்ற கேள்விக்கு என் பதில்.

கருவிகள் இருக்கின்றன. 1981இல் பாய், கபூர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் நம் நாட்டுக் குடும்பங்களுக்கென்றே உருவாக்கிய குடும்பச் சுமை நேர்காணல் ஒன்று உண்டு. பணச் செலவு, அன்றாட வேலைகள் தடைபடுவது, பொழுதுபோக்கு குறைவது, வீட்டாருக்கிடையே உறவு கெடுவது, மற்றவர்களின் உடல்நலம், மற்றவர்களின் மனநலம் என்று ஆறு பகுதிகளில் கேட்பார்கள். சென்னையில் 1984இல் மனநல மருத்துவர் சாரதா மேனன் அவர்கள் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு நோய் ஆய்வு நிறுவனத்தார் 1998இல் வெளியிட்ட சுமை மதிப்பீட்டு அட்டவணையில் 40 கேள்விகள் உள்ளன. உலகெங்கும் புழங்கும் ஜாரிட் சுமை அளவுகோலில் 22 கேள்விகள். பெயர்களையே கவனியுங்கள்: எல்லாம் "சுமை" என்றே பேசுகின்றன. சுமை எவ்வளவு என்று எண் வரும். ஆனால் தட்டைத் திரும்பத் திரும்பக் கழுவுவதைக் கண்டுபிடித்த கண்ணுக்கு அதில் மதிப்பெண் இல்லை. ஆகவே நான் எண்ணைத் தொடக்கமாக மட்டுமே வைத்துக்கொள்கிறேன். ஆறு மாதம் கழித்து அதே கேள்விகளைக் கேட்டு, எந்தப் பகுதியில் எண் ஏறியது என்று பார்க்கும்போதுதான் அது உண்மையில் பயன்படுகிறது.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2018 முதல் நடைமுறையில் உள்ள 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 98ஆம் பிரிவின்படி, டிஸ்சார்ஜ் செய்யும்போது மருத்துவர் நோயாளியோடும், அவருடைய நியமனப் பிரதிநிதியோடும் (சிகிச்சை முடிவுகளில் துணைநிற்க அவர் எழுதி நியமித்தவர்), வீட்டில் அவர் யாரோடு இருக்கப்போகிறாரோ அந்தக் குடும்பத்தினர் அல்லது பராமரிப்பாளரோடும் கலந்து பேசவேண்டும். "மாத்திரையை யார் கொடுப்பீர்கள்?" என்று மட்டும் கேட்பது கலந்து பேசுவது ஆகாது. குடும்பத்துக்குத் துணைநிற்கும் சேவைகளும் மனநலச் சேவையின் ஒரு பகுதியே என்று 18ஆம் பிரிவு சொல்கிறது. சண்டை போடுவதற்காக இதை எழுதவில்லை. ஓ.பி.யில் கூட்டம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். ஒரு குடும்பத்துக்கு ஐந்து நிமிடம் கிடைப்பதே அரிது. ஆகவே நீங்களே ஒரு பக்கத் தாளில் எழுதிக்கொண்டு போய், "இதைக் கோப்பில் சேர்த்துவிடுங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

பலரும் தவறாகப் புரிந்துகொண்டு அலையும் செய்தி ஒன்றும் இருக்கிறது. "எனக்குப் பிறகு இவனுக்கு யார்?" என்ற அச்சத்தில் 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ்ச் சட்டக் காப்பாளர் சான்று கேட்டுப் பெற்றோர்கள் ஆட்சியர் அலுவலகத்துக்கு நடக்கிறார்கள். அந்தச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு உரியது; மனநோய் அதில் அடங்காது. மாறாக, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் மனநோய் உண்டு. மதிப்பீட்டில் 40 விழுக்காடும் அதற்கு மேலும் வந்தால் அதற்குரிய சலுகைகளைக் கேட்கலாம். அடுத்த தலைமுறையில் யார், எதை, எவ்வளவு ஏற்றுக்கொள்வார்கள் என்பதும் பராமரிப்பாளர் மதிப்பீட்டின் பகுதியே. பெரியவர்கள் உடல்நலத்தோடு இருக்கும்போதே அதைப் பேசிவிடுவது நல்லது.

ஆம்பூர்_மருமகள் எழுதியது:

மூன்றே வரிதான் எழுத முடிகிறது. மாமியார் விழித்துக்கொள்வதற்குள் எழுதுகிறேன். திருமணமாகி வந்த நான்காம் மாதம் மாமியாரை என் பொறுப்பில் விட்டார்கள். "உன்னால் முடியுமா, உனக்குச் சம்மதமா?" என்ற கேள்வியை என் வீட்டாரும் கேட்கவில்லை, மருத்துவமனையிலும் கேட்கவில்லை. நான் அவர்களை அன்போடுதான் பார்த்துக்கொள்கிறேன், ஆனால் அந்தக் கேள்வி உங்கள் தாளில் முதல் கேள்வியாக இருக்கட்டும்.

தொரப்பாடி_செவிலியர் எழுதியது:

மருமகள் அம்மா, நீங்கள் சொன்னது சத்தியமான வார்த்தை. அந்தக் கேள்வியைத் தனியறையில், மாமியாரும் கணவரும் இல்லாதபோது கேட்கவேண்டும். எல்லோர் முன்பும் கேட்டால் "சம்மதம்" என்ற பதில் மட்டுமே வரும். அது பதிலே அன்று. உங்களுக்கு உடனே யாரிடமாவது பேசவேண்டும் என்று தோன்றினால் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 என்ற எண் இருக்கிறது. தமிழில் பேசலாம், எந்த நேரத்திலும் அழைக்கலாம். நோயாளிகளுக்கு மட்டும் உரியது என்று நினைக்கவேண்டாம்.

சத்துவாச்சாரி_மீண்டவன் எழுதியது:

எல்லோரும் பராமரிப்பாளர்களாகப் பேசுகிறீர்கள். நான் பராமரிக்கப்பட்டவன், காதில் குரல் கேட்டு இரண்டு முறை வார்டில் இருந்தவன். இப்போது ஒரு மெக்கானிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். உங்கள் வலி எனக்குப் புரிகிறது; அதனால்தான் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்.

என் அண்ணனைத் தனியாக அழைத்துப் பேசிய ஒவ்வொரு முறையும், நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உள்ளே என்னைப் பற்றி ஏதோ முடிவு நடக்கிறது என்று தோன்றும். அந்த நோயில் இருப்பவனுக்கு அப்படித் தோன்றினால் அது எங்கே போய் முடியும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. அண்ணனின் தூக்கத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று ஒரு சொல் முன்கூட்டியே சொல்லியிருந்தால் போதும். பராமரிப்பாளரைத் தனியே கேளுங்கள், அது தேவை. ஆனால் எதற்காகக் கேட்கிறீர்கள் என்று எங்களிடம் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

இன்னொன்று, வீட்டில் கூடவே இருப்பதால் மட்டும் ஒருவர் என் பிரதிநிதி ஆகிவிடமாட்டார். நியமனப் பிரதிநிதியாக யாரை வைத்துக்கொள்வது என்று எழுதிக் கையெழுத்திடும் உரிமை என்னுடையது. நான் என் அண்ணனை எழுதவில்லை, அத்தையை எழுதினேன். அண்ணன் முதலில் வருத்தப்பட்டார். பிறகு தம் தலையிலிருந்து ஒரு பாரம் இறங்கியதுபோல இருக்கிறது என்று அவரே சொன்னார். பராமரிப்பாளருக்கு என்ன தேவை என்று கேட்கிறீர்களே, சில நேரங்களில் அதற்கான பதில் எங்களிடமே இருக்கும். அண்ணிக்குக் கடைக்குப் போய்வர நேரமில்லை என்று தெரிந்தபிறகு, ரேஷன் வாங்குவதை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் கேட்காமல் இருந்ததால்தான் அதுவரை செய்யாமல் இருந்தேன்.

ராணிப்பேட்டை_ஷிப்ட் எழுதியது:

தம்பி, இதைப் படித்துவிட்டு இன்று என் மனைவியிடம் முதன்முறையாகக் கேட்டேன்: "எனக்காக நீ எதை எடுத்துக்கொள்ள முடியும்?" நான் இரவு ஷிப்ட் போகும் வாரங்களில் தன் மாத்திரையைத் தானே போட்டுவிட்டு அட்டையைப் படமெடுத்து எனக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னார். ஒன்பது ஆண்டுகளாக நான் வேலையிலிருந்து போன் செய்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

குடியாத்தம்_மூத்தமகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சென்ற வாரம் ஓ.பி.க்குப் போய்வந்தோம், நடந்ததை எழுதுகிறேன்.

போவதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை, தம்பியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, அம்மாவை அடுப்படியில் உட்காரவைத்துச் செவிலியர் அம்மா சொன்னபடி "நேற்று" என்று கேட்டேன். எழுந்தது, பால் வாங்கியது எல்லாம் சொல்லிவந்து, கடைசியில் "வாசற்படியில் படுத்தேன்" என்றார். ஏன் என்று கேட்டேன். தை மாதத்திலிருந்தே, மருத்துவமனையில் இருந்த வாரங்கள் நீங்கலாக, வாசற்படிக்குக் குறுக்கேதான் படுக்கிறாராம். இரவில் தம்பி திண்ணைக்குப் போகவேண்டுமென்றால் தம்மைத் தாண்டித்தான் போகவேண்டும், அப்போது விழித்துக்கொள்ளலாம் என்று. ஞாயிறுதோறும் போகிற எனக்கு இது தெரியாது. நான் மாலை பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுகிறேன். அந்தப் படியின் கல் எவ்வளவு குளிர்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், நான் பிறந்து வளர்ந்த வீடு அது. ஒவ்வொரு வாரமும் அவர் முழங்காலைத் தேய்த்துக்கொள்வதைப் பார்த்து, வயதாகிவிட்டது என்றே நினைத்திருந்தேன்.

தாளில் இவ்வளவுதான் எழுதினேன். அம்மாவுக்குத் தெரிந்தவை: தட்டு கழுவுவதும் பாயைச் சுருட்டுவதும் முன்னறிகுறி, அவன் கோபமாக இருக்கும்போது பேசாமல் வெளியே நின்றுவிடுவார், ஊசி போடும் தேதியை மறந்ததே இல்லை. அம்மாவால் முடியாதவை: மருந்தின் பெயரைப் படிப்பது, தனியாக அவனை வேலூருக்கு அழைத்து வருவது, இரவில் காவலிருப்பது. முதல் வரியாக, ஆம்பூர் சகோதரி கேட்ட கேள்வியையும் அதற்கு அம்மா தந்த பதிலையும் எழுதினேன்: "சம்மதம்தான். ஆனால் ஒருத்தியாக முடியாது."

அன்று பார்த்த இளம் மருத்துவர் அதை இரண்டு முறை படித்தார். முன்னறிகுறிகளைக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி, தட்டு கழுவத் தொடங்கினால் அடுத்த ஓ.பி. தேதிவரை காத்திராமல் உடனே வரச்சொன்னார். கடையில் கம்பெனி மாறினால், பழைய அட்டையையும் புதிய அட்டையையும் அருகருகே வைத்துப் படமெடுத்து எனக்கு அனுப்பவேண்டும் என்று முடிவாயிற்று. எதிர்வீட்டுப் பெண் எடுத்து அனுப்புவாள். இரவுக் காவலைப் பற்றிப் பேசியபோது தம்பி இடையில் பேசினான். அம்மா அங்கே படுப்பது தனக்குத் தெரியும் என்றும், தாண்டும்போது மிதித்துவிடுவோமோ என்று பயந்து பல இரவுகள் வெளியே போகாமல் உட்கார்ந்திருந்ததாகவும் சொன்னான். பிறகு, தாத்தா வைத்திருந்த மாட்டின் கழுத்துமணி பரணில் இருக்கிறது, அதைக் கதவின் தாழ்ப்பாளில் கட்டிவிடலாம் என்றான். அன்று மாலையே அவனே ஏறி எடுத்துக் கட்டினான். அம்மா இப்போது உள்ளறையில், கட்டிலில் படுக்கிறார். முதல் மூன்று இரவுகள் மணிக்காகக் காதை வைத்துக்கொண்டே கிடந்ததாகச் சொன்னார். நான்காம் இரவு விடிந்தபிறகுதான் எழுந்தாராம்.

அம்மாவின் முழங்காலுக்கு வரும் வியாழக்கிழமை எலும்பு மருத்துவரிடம் போகிறார்கள். எனக்குப் பள்ளி இருக்கிறது. தம்பி கூடப் போவதாகச் சொல்லியிருக்கிறான்.